குங்குமம் விழுந்த டைப்ரைட்டர்

ருக்மணிக்கு மூக்குக்கு மேல் கோபம் என்று மலாய் நாட்டுக் காஜா பெராங் வட்டாரத்தில் எல்லோரும் சொல்வார்கள். ஏன் வந்தது என்று கேட்டவர் ஒருவரும் இல்லை. கோபக்காரி என்று பெயர் வைத்துவிட்டால் அப்புறம் காரணம் கேட்கும் வேலை மிச்சம் பாருங்கள், அந்த வசதிதான்.

அவள் அப்பா ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப் போடும் டிரெசராக இருந்தவர். மகளைப் பட்டணத்து கான்வென்டில் ஆறாம் வகுப்பு வரை படிக்க வைத்தார். பிறகு தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி நடராஜனுக்குக் கட்டிக் கொடுத்தார். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட நிறையவில்லை, ஜப்பான்காரன் ரயில் பாதை போட ஆள் பிடித்தபோது நடராஜனையும் சயாமுக்குக் கொண்டுபோனான். போனவன் திரும்பவில்லை. செத்தான் என்றும் சேதி இல்லை, இருக்கிறான் என்றும் சேதி இல்லை.

யுத்தம் முடிந்தது. அங்கிருந்து மீண்டு வந்தவர்கள் எலும்பும் தோலுமாக வந்தார்கள். அவர்கள் ஒவ்வொருவரிடமும் போய் ருக்மணி கேட்டாள். ஒருவன் காலராவில் போய்விட்டான் என்றான். இன்னொருவன் வேறு முகாமில் பார்த்தேன் என்றான். இரண்டு வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு, நடராஜனின் சொந்தக்காரர்களும் காஜா பெராங் பெரியவர்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடி, அவன் செத்துவிட்டான் என்று முடிவு செய்தார்கள். சவம் இல்லாமலே கருமாதி நடந்தது. ருக்மணியை உட்கார வைத்துக் குங்குமத்தை அழித்தார்கள், வளையலை உடைத்தார்கள். அவளுக்கு அப்போது இருபத்துமூன்று வயது.

அந்தக் கூட்டத்தை முன்னின்று நடத்தியவர் பொன்னுதுரை. ஆற்றோரத்தில் ரப்பரும் கொப்பரையும் வாங்கி ஏற்றுமதி செய்த ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் பெரிய கிராணி. பக்திமான். விபூதி இல்லாமல் அவர் நெற்றியைப் பார்த்தவர் இல்லை. அப்பாவும் போய்ச் சேர்ந்து அநாதையாக நின்ற பெண்ணுக்கு ஒரு வழி செய்ய வேண்டும் என்று அவரே டைப்பிங் கற்றுக்கொள்ளச் சொல்லி, அவரே தம் ஆபீசில் சேர்த்தும் விட்டார். நல்ல காரியம்தான், யாரும் மறுக்கவில்லை. ஆனால் செய்த நல்லதை வாரத்துக்கு ஒரு தடவை எடுத்துத் தூசி தட்டி, எல்லோருக்கும் காட்டிவிட்டு மறுபடி உள்ளே வைத்துக்கொள்ளும் மனிதர் அவர். “நான் மட்டும் கைகொடுக்காம இருந்திருந்தா” என்று அவர் ஆரம்பித்தால் ருக்மணி பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாக வேண்டும். பத்து வருஷம் கேட்டாள்.

ஆபீசில் அவளுக்குக் கிடைத்தது ஒரு பழைய டைப்ரைட்டர். யுத்தத்துக்கு முந்தையது. ஜப்பான்காரன் காலத்தில் கிடங்கில் கொப்பரை மூட்டைகளுக்கு நடுவே கிடந்து எண்ணெய்ப் பிசுக்கு ஏறியது. அதை அவள் மனுஷ ரூபத்துக்குக் கொண்டுவரவே ஒரு மாதம் ஆனது. அதன் பிறகும் தினமும் காலையில் மற்றவர்கள் வருவதற்கு முன்பே வந்து அதைச் சுத்தம் செய்வாள். மெஷினைத் தலைகீழாகச் சாய்த்து மெல்லத் தட்டுவாள். ரப்பர் துகள், ரொட்டித் தூள், சிகரெட் சாம்பல், சமயத்தில் ஒரு வடையின் கருகிய ஓரம் என்று எல்லாம் கொட்டும். ருக்மணி மெஷின் பக்கத்தில் எதையும் தின்பவள் இல்லை. அவள் இல்லாத நேரத்தில் வந்து உட்காருகிறவர்கள் விட்டுப்போன சீதனம் அது.

பிறகு எழுத்துக் கம்பிகளுக்கு அடியில் ஒரு தாளைச் செருகுவாள், அழுக்கு உள்ளே விழாமல் இருக்க. பழைய பல் பிரஷை ஸ்பிரிட்டில் தோய்த்து, எழுத்துகளைத் தன்னை நோக்கி மட்டும் தேய்ப்பாள். அந்தப் பக்கமாகத் தேய்த்தால் மைப்பிசின் எல்லாம் மெஷினுக்குள் போய்விடும். வட்டமான எழுத்துகளின் வயிற்றில் மை அடைத்திருந்தால் மண்ணெண்ணெய் அடுப்பின் துவாரத்தைக் குத்துகிற ஊசியால் எடுப்பாள். ஸ்பிரிட்டும் ஊசியும் வீட்டு அடுப்புக்கு வாங்குவதுதான். விரல் படும் பொத்தான்களை ஈரத்துணியால் ஒன்றொன்றாகத் துடைப்பாள். எண்ணெய் விடவே மாட்டாள். எண்ணெய் விட்டால் ஒரு வாரம் ஓடும், பிறகு தூசியெல்லாம் அதில் வந்து குடியேறும்.

“ருக்மணி வீட்டுல பாத்திரம் தேய்க்கிற மாதிரியே இங்கேயும் தேய்க்குது” என்று தேவதாஸ் சிரிப்பான். பொன்னுதுரையின் அக்காள் மகன். அவர் மகளுக்கு நிச்சயம் செய்த மாப்பிள்ளையும்கூட. அவனுக்குக் கம்பெனி புது டைப்ரைட்டர் வாங்கிக் கொடுத்திருந்தது, தோல் உறையோடு. தப்பு அடித்தால் உருளையை ஓரமாகத் தள்ளிவிட்டு அழிக்க வேண்டும். அவன் இருந்த இடத்திலேயே அழிப்பான். துகள் முழுக்க எழுத்துகளின் மேல் விழும். விழட்டுமே, புது மெஷின்தானே. அவனுடைய கடிதங்களில் ஓட்டையுள்ள எழுத்தெல்லாம் கரும்புள்ளியாக விழுந்தது. அதைக் கம்பெனியின் வெள்ளைக்காரத் துரை கண்டித்தபோது, அவை பழைய மெஷினில் அடித்தவை என்று கூசாமல் சொன்னான். பொன்னுதுரை பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். வாயைத் திறக்கவில்லை. திட்டு ருக்மணிக்கு விழுந்தது. அன்றைக்கு அவளுக்கு வயிறு எரிந்தது போல அடுப்புகூட எரிந்திருக்காது.

மலாய் நாடு சுதந்திரம் வாங்கியது. ஆகஸ்டு முடிந்த கையோடு ஆபீசில் பேச்சு மாறிவிட்டது. துரை இங்கிலாந்துக்கு மூட்டை கட்டுகிறார், கம்பெனி கை மாறப் போகிறது, ஆட்களைக் குறைக்கப் போகிறார்கள். இரண்டு டைப்பிஸ்ட் எதற்கு, ஒருவர் போதும். யார் அந்த ஒருவர் என்று முடிவு செய்ய துரை ஒரு பரீட்சை வைத்தார். இருவரும் தினமும் அடிக்கும் அவரவர் மெஷினில் ஒரே ஒப்பந்தத்தை அடித்துக் கொடுக்க வேண்டும். வேகம் பார்க்கப்படும். அதைவிட, எழுத்து சுத்தமாக விழுகிறதா என்று பார்க்கப்படும். கறுத்துப்போன எழுத்துகளைக் கண்டால் துரைக்கு ஆகாது.

நாள் குறிக்கும் பொறுப்பைப் பொன்னுதுரை ஏற்றுக்கொண்டார். விஜயதசமி நல்ல நாள், அன்று தொடங்குவது எதுவும் துலங்கும் என்று துரையிடம் சொன்னார். துரைக்கு எந்த நாளும் ஒன்றுதான், சரியென்றார்.

ருக்மணிக்கு இந்த வேலை போனால் வேறு போக்கிடம் கிடையாது. காஜா பெராங்கில், தலைமுறைகளுக்கு முன் வந்து மலாய்ப் பேச்சுக்கு மாறிவிட்ட சிட்டித் தமிழ் வம்சத்து மீனாச்சி அம்மாளின் வீட்டில் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தாள். வேலை இல்லையென்றால் அந்த அறையும் இல்லை. நடராஜனின் தம்பி வீட்டுக்குப் போய், அடுக்களை மூலையில் பாய் விரித்து, அவர்கள் பிள்ளைகளுக்குத் துணி துவைத்துக் கொடுத்துக்கொண்டு கிடக்க வேண்டும். அவர்கள் எப்போது வருவாள் என்று காத்துக்கொண்டுதான் இருந்தார்கள். சம்பளம் இல்லாத வேலைக்காரி யாருக்குக் கசக்கும்?

ஆகவே அந்த வாரம் முழுக்க டைப்ரைட்டரைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டாள். ரிப்பனை மாற்றினாள். கம்பிகளின் அடிப்பக்கத்தில் ஊசி நுழையாத சந்துகளைக்கூடப் பட்டு நூலை ஸ்பிரிட்டில் நனைத்து உருவிச் சுத்தம் செய்தாள். ஆயுத பூஜையன்று மத்தியானம் பார்த்தால் அது கண்ணாடி போலத் தெளிவாக எழுதியது. ஒரு சாதாரணக் கடிதத்தை அடித்துப் பார்த்துவிட்டு, அவளே அதிசயமாகக் கொஞ்சம் சிரித்துக்கொண்டாள்.

சாயங்காலம் பூஜை. கிடங்கின் தராசு, சாக்குத் தைக்கும் ஊசி, லாரியின் சாவி, கணக்குப் புத்தகம், இரண்டு டைப்ரைட்டர் எல்லாம் நீள மேசையில் வைக்கப்பட்டன. புக்கிட் ரம்பாயிலிருந்து சரக்கு ஏற்றி வந்த லாரிக்காரர்கள் உட்பட எல்லோரும் கூடிவிட்டார்கள். ருக்மணி வழக்கம் போல் கதவோரம் நின்றாள். பூஜைப் பொருளை அவள் எடுத்துக் கொடுக்கக் கூடாது. பத்து வருஷமாக அதுதான் ஏற்பாடு. சுண்டலுக்குக் கடலையை ஊறவைத்துத் தாளித்துக் கொண்டுவருவது மட்டும் அவள்தான். அதற்குத் தீட்டு இல்லை போலும்.

பொன்னுதுரை சரஸ்வதி படத்தை எங்கே சாய்த்து வைக்கலாம் என்று பார்த்தார். தேவதாஸின் மெஷின் தோல் உறைக்குள் பத்திரமாக இருந்தது. உறையின் மேல் ஒரு சந்தனப் பொட்டும் அதன் மேல் ஒரு குங்குமப் பொட்டும் வைத்தார், அழகாக, கோலம் போடுகிற மாதிரி. பிறகு படத்தைக் கொண்டுபோய் ருக்மணியின் மெஷினில் சாய்த்தார். அதற்கு உறை இல்லை. ருக்மணி ஒரு துணி போட்டு மூடியிருந்தாள். படம் வழுக்குகிறது என்று அந்தத் துணியை எடுத்து அப்பால் போட்டார்.

அப்புறம் பன்னீரில் குழைத்த சந்தனத்தை மூன்று விரலால் அள்ளிப் பொத்தான்களின் மேல் பூசினார். குங்கும அர்ச்சனை தொடங்கியது. அம்பாளின் நாமத்தைச் சொல்லி ஒவ்வொரு நாமத்துக்கும் ஒரு சிட்டிகை. சிட்டிகை ஒவ்வொன்றும் படத்தில் பட்டு, கீழே எழுத்துக் கம்பிகளின் மேல் விழுந்தது. நாமமோ நூற்றெட்டு. கடைசியில் தேன் கலந்த பாலைத் தீர்த்தமென்று மாவிலையால் தெளித்தார். குங்குமம் குழம்பாகி மெஷினின் வயிற்றுக்குள் இறங்கியதைக் கதவோரம் நின்ற ருக்மணி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

வேண்டுமென்று செய்தாரா, பக்தியில் கண் தெரியாமல் செய்தாரா? இன்றுவரை இரண்டு கட்சி உண்டு. நான் ஒன்று கேட்கிறேன். மருமகனாக வரப்போகிறவன் மெஷினில் உறையின் மேல் பொட்டு வைக்கத் தெரிந்த கைக்கு, இவள் மெஷினில் மட்டும் ஏன் துணியை உருவத் தோன்றியது?

கற்பூரம் காட்டி முடிந்ததும் ருக்மணி மேசையருகே வந்தாள். மெஷினைத் துடைக்க வேண்டும் என்றாள். சுண்டல் தின்றுகொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

“பூஜையில வச்சதை எடுக்கக் கூடாதும்மா. நாளைக்கு மறுபூஜை முடியட்டும், அப்புறம் எடுத்துக்க” என்றார் பொன்னுதுரை.

“மறுபூஜை முடிஞ்ச கையோட பரீட்சை ஐயா. சந்தனமும் தேனும் காஞ்சிட்டா ஒரு கம்பியும் எழும்பாது.”

“அம்பாள் மேல பாரத்தைப் போடு. எல்லாம் அவ பார்த்துப்பா.”

தேவதாஸ் எங்கோ பார்த்துக்கொண்டு கடலையை மென்றான். அந்த மெல்லும் சத்தம் ருக்மணியின் காதில் விழுந்தது. பத்து வருஷத்து வடைத்துண்டும், ரொட்டித் தூளும், சாம்பலும், அடுத்தவன் தப்புக்கு வாங்கிய திட்டும் எல்லாம் ஒன்றாகத் திரண்டு வந்தன. அவள் சரஸ்வதி படத்தை இரண்டு கையாலும் தூக்கினாள். கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மேசையின் மறுகோடியில் சுவரோடு சாய்த்து வைத்தாள். பிறகு முந்தானையால் பொத்தான்களின் மேலிருந்த குங்குமத்தை வழித்து எடுத்தாள்.

லாரிக்காரர் ஒருவர் வாயில் கை வைத்துக்கொண்டார். பொன்னுதுரையின் முகம் விபூதியை விட வெளுத்தது.

“குங்குமத்தை அழிக்கிறியே, நீயெல்லாம் ஒரு பொம்பளையா? இந்தப் பாவம் உன்னைச் சும்மா விடுமா?”

ருக்மணி துடைப்பதை நிறுத்தவில்லை. குரலையும் உயர்த்தவில்லை.

“பத்து வருஷத்துக்கு முன்னாடி என் நெத்தியில இருந்ததை அழிச்சாங்க. முன்னால நின்னு அழிக்கச் சொன்னது நீங்கதான் ஐயா. அன்னைக்குப் பாவம்ங்கிற வார்த்தை உங்க வாயில வரலியே. இரும்பு மேல இருக்கிறதை அழிச்சா மட்டும் வருதா?”

பொன்னுதுரைக்கு முகத்தில் ஈயாடவில்லை. சால்வையைச் சரிசெய்துகொண்டு, கலிகாலம் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வெளியே போனார். அவர் பின்னாலேயே தேவதாஸும் போனான், கையில் சுண்டலோடு.

ருக்மணி தன் மேசை இழுப்பறையிலிருந்து பிரஷையும் ஊசியையும் ஸ்பிரிட் புட்டியையும் எடுத்தாள். தேன் பிசுக்கு ஸ்பிரிட்டுக்கு மசியாது என்று தேய்த்த பிறகுதான் தெரிந்தது. தேநீர் போடும் கெண்டியிலிருந்து வெந்நீர் எடுத்து, துணியை நனைத்துப் பிழிந்து, கம்பி கம்பியாக ஒற்றி எடுத்தாள். தண்ணீர் நின்றால் துருப்பிடிக்கும். அதனால் உடனே ஸ்பிரிட்டால் கழுவி அந்த ஈரத்தை விரட்டினாள். சந்துகளில் அப்பிய சந்தனத்தை ஊசியால் தோண்டினாள். விரலெல்லாம் சிவந்தது. புழுக்கம் தாங்காமல் புறங்கையால் நெற்றியை வழித்துக்கொண்டே வேலை செய்தாள். கோபத்தில் தேய்த்த தேய்ப்பில் எழுத்துகள் தேயாமல் இருந்ததே பெரிய காரியம். வெளியே ஆற்றில் படகுகள் கரைக்கு வந்துகொண்டிருந்தபோது எல்லாக் கம்பிகளும் எழும்பின. அந்த அம்பாளுக்கே தெரியும், அன்று உண்மையில் ஆயுதத்தைப் பூஜித்தது யார் என்று.

வீட்டுக்குப் போனாள். வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்த மீனாச்சி அவளைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள். சாரோங்கும் கெபாயாச் சட்டையும் உடுத்தும் அந்த அம்மாளுக்குத் தமிழ் வராது, கும்பிடுகிற சாமிகளின் பெயரும் சில உறவு முறைகளும்தான் வரும். மலாயில், நெற்றியில் சிவப்பாக இருக்கிறதே, அடிபட்டதா என்று பதறினாள்.

ருக்மணி அறைக்குள் போய்க் கண்ணாடியைப் பார்த்தாள். புறங்கையிலிருந்து ஒட்டிய குங்குமம் புருவங்களுக்கு நடுவே தீற்றலாக இருந்தது. பத்து வருஷமாக அந்த இடம் வெறுமையாகக் கிடந்து பழகியதால், யாரோ ஒரு பெண் எட்டிப் பார்க்கிறாள் என்று ஒரு கணம் திடுக்கிட்டாள். பழக்க தோஷத்தில் ஈரத்துணியை எடுத்தாள். நெற்றி வரைக்கும் கொண்டுபோனாள்.

அங்கே கை நின்றது. கோபம் மறுபடி வந்தது. இந்தத் தடவை பொன்னுதுரையின் மேல் இல்லை, தேவதாஸின் மேல் இல்லை. யாரும் பக்கத்தில் இல்லாதபோதும் தானாகத் துணியைத் தூக்கிக்கொண்டு போகிறதே, அந்தக் கையின் மேல் வந்தது. அவர்கள் அழித்தது ஒரே ஒரு நாள்தான். மற்ற நாளெல்லாம் அழித்தது யார்? துணியை வாளியில் எறிந்தாள். உட்கார்ந்து அழுதாள். நடராஜனுக்காக அவள் அழுது எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

மறுநாள் காலையில் தலைக்குக் குளித்தாள். நேற்றுக் கட்டிய சேலையின் முந்தானையில் ஒட்டியிருந்த குங்குமத்தைத் தட்டி எடுத்து, நெற்றியில் வட்டமாக, தீர்மானமாக வைத்துக்கொண்டாள். மீனாச்சி பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் குடையை எடுத்துக் கொடுத்தாள்.

ஆபீசுக்குள் அவள் நுழைந்தபோது மறுபூஜை முடிந்து, பொன்னுதுரை குங்குமத் தட்டை எடுத்துக்கொண்டு வரிசையாக வந்துகொண்டிருந்தார். வழக்கமாக அவளைத் தாண்டிப் போகும் தட்டு அது. அவள் நெற்றியைப் பார்த்ததும் அவர் கால் நின்றுவிட்டது. அவர் நின்ற நேரம் போதும் என்று ருக்மணி கையை நீட்டி ஒரு சிட்டிகை எடுத்து, இருந்த பொட்டின் மேலேயே வைத்துக்கொண்டாள். துரை உள்ளே வந்துவிட்டதால் பொன்னுதுரையால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. சொன்னாலும் அதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வார்?

பரீட்சை நடந்தது. உண்மையைச் சொல்ல வேண்டும், தேவதாஸ்தான் முதலில் முடித்தான். துரை இரண்டு தாளையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவருக்கு நெற்றியும் தெரியாது, பொட்டும் தெரியாது. ஒரு தாளில் எழுத்துகள் அடைத்துக்கொண்டு கிடந்தன, இன்னொன்றில் ஒவ்வொன்றும் கண் திறந்திருந்தது. ருக்மணியின் தாளைத் தனியே எடுத்து வைத்தார். இனி இவள்தான் டைப்பிஸ்ட் என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனார்.

அவர் கதவு சாத்திய பிறகு பொன்னுதுரை அவள் மேசைக்கு வந்தார். ஆத்திரத்தில் குரல் கரகரத்தது.

“வேலை கிடைச்சாச்சு, சரி. இது என்ன கோலம்? உன் புருஷன் உசிரோட இருக்கான்னு நெனப்பா?”

ருக்மணி பிரஷில் ஒட்டியிருந்த மையைத் துணியில் துடைத்தாள். பிறகு அவரை நேராகப் பார்த்தாள்.

“அவர் செத்ததை நீங்க பார்த்தீங்களா, ஐயா?”

பொன்னுதுரை குங்குமத் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ருக்மணி உருளையை ஓரமாகத் தள்ளினாள். எழுத்துகளை மறுபடி ஒருமுறை துடைத்தாள். பொட்டைத் துடைக்கவில்லை, அன்றும், அதற்குப் பிறகு எந்த நாளும்.